நினைவு முற்றத்துக்கு அருகே ஒரு கற்றல் நிலையம்: அத்திவாரம் வெட்டுமுன் பேச வேண்டியவை

21.05.2023: மல்லாவி வாசகர் ஒருவரின் கேள்வி

"முள்ளிவாய்க்காலில் நினைவு முற்றம் இருக்கிறது. ஆண்டுதோறும் மே 18 அன்று போகிறோம், சுடர் ஏற்றுகிறோம், கஞ்சி குடிக்கிறோம், அழுகிறோம், வீடு திரும்புகிறோம். அதற்குப் பக்கத்தில் பார்வையாளர் நிலையம், கற்றல் நிலையம் என்று ஒரு கட்டிடம் வேண்டுமெனச் சிலர் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். சாவு நடந்த மண்ணில் கட்டிடம் எதற்கு? கட்டிடம் வந்தால் பெயர்ப்பலகை வரும், திறப்பு விழா வரும், நாடா வெட்ட ஆள் வரும். மண் மண்ணாகவே இருக்கட்டும் என்பது என் கருத்து. கட்டிட வேலை தெரிந்தவர்கள் பதில் சொல்லுங்கள்."

22.05.2023

நான் வீட்டுத்திட்டங்களுக்கும் பாடசாலைக் கட்டிடங்களுக்கும் படம் வரைகிறவள். 2009இல், போரின் கடைசி மாதங்களில், முதலில் வலைஞர்மடத்திலும் பிறகு முள்ளிவாய்க்காலிலும் இருந்தவள். ஆகவே இரண்டு வகையிலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

கடந்த 18ஆம் திகதி என் அக்காவின் மகனை அழைத்துக்கொண்டு போனேன். அவனுக்கு வயது 13. சுடர் ஏற்றி முடிந்தபின் அவன் கால்விரலால் மணலைக் கிளறிக்கொண்டு நின்றான். உள்ளங்கையளவு துணித்துண்டு ஒன்று வெளியே வந்தது. நிறம் முழுவதும் போய்விட்டது, கரையில் மட்டும் சரிகையின் ஒற்றை இழை ஒட்டிக்கொண்டிருந்தது, ஓரத்தில் நீல நைலோன் நூலால் இரட்டைத் தையல். "சித்தி, இது ஆரின்ரையும் சட்டையோ?" என்று கேட்டான். எனக்குத் தையலைக் கண்டவுடனே தெரிந்துவிட்டது. அது சட்டை இல்லை, பதுங்குகுழியைச் சுற்றி அடுக்கிய மண்மூட்டை. சாக்கு முடிந்துபோனபின் மாத்தளனிலும் வலைஞர்மடத்திலும் சனங்கள் சேலைகளை வெட்டி மூட்டை தைத்தார்கள். எங்கள் அம்மாவின் கூறைச்சேலையில் ஆறு மூட்டை தைத்தோம். ஈரமண் அள்ளிப் போட்டால் ஒற்றைத் தையல் பிரிந்துவிடும். அதனால்தான் போன வழியே திரும்பி வந்து இரட்டையாகத் தைப்பது.

தம்பி, நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் இந்தத் துணித்துண்டுதான். மண் மண்ணாக இருந்தால் போதும் என்பது அந்த மண்ணை வாசிக்கத் தெரிந்தவர்களுக்குப் பொருந்தும். 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அது வெறும் கடற்கரை மணல். அவன் அந்தத் துண்டை எறிந்துவிட்டுப் போயிருப்பான், நான் பக்கத்தில் நின்றதால் எறியவில்லை.

23.05.2023

இரவு இருந்து ஒரு மாதிரிப்படம் வரைந்தேன். நினைவு முற்றத்தை விட உயர்ந்த எதுவும் அங்கே எழக்கூடாது என்பதில் எனக்கும் மல்லாவித் தம்பிக்கும் வேறுபாடு இல்லை. ஆகவே கட்டிடத்தை நிலத்துக்குள் பாதி இறக்கிவிடலாம் என்று நினைக்கிறேன். மேலே நின்று பார்த்தால் புல்மூடிய ஒரு மேடு மட்டும் தெரியும், சாய்வுப்பாதை வழியாகக் கீழே இறங்கினால் மூன்று அறைகள். பதுங்குகுழிக்குள் இறங்குகிற உணர்வு இறங்கும்போதே வந்துவிடும். பேர்லினில் 2005இல் திறக்கப்பட்ட யூதப் படுகொலை நினைவிடத்தில் இதைத்தான் செய்திருக்கிறார்கள். மேலே 2,711 கொங்கிறீற்றுக் கற்களைத் தவிர ஒரு சொல் இல்லை. விளக்கமெல்லாம் அந்தக் கற்களுக்குக் கீழே இருக்கிற தகவல் கூடத்தில்.

25.05.2023

திருத்தம். மாரி மறந்துபோய்விட்டது. அந்தப் பகுதி ஒரு பக்கம் நந்திக்கடல் களப்பும் மறுபக்கம் பெருங்கடலுமாக உள்ள ஒடுங்கிய நிலம். கார்த்திகையில் அங்கே ஒரு குழி வெட்டினால் முழங்கால் ஆழத்துக்குள்ளேயே தண்ணீர் ஊறும். நிலத்தடி அறை கட்டினால் ஆண்டில் மூன்று மாதம் நீர் இறைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அந்தச் செலவை ஏற்க யாரும் இல்லை. உப்புக்காற்று கம்பியைத் தின்னும் என்பது இன்னொன்று. கடலோர வேலைகளில் கம்பிக்கு மேல் 50 மில்லிமீற்றர் கொங்கிறீற்று மூடலுக்குக் குறைய நான் விடுவதில்லை. மேலும் உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றர் வரை கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. அதற்குள் எதைக் கட்டுவதற்கும் அனுமதி வேண்டும்.

படத்தை முற்றாகக் கைவிடவில்லை, அறைகளின் ஆழத்தைக் குறைத்தேன்.

04.06.2023

இப்போது முற்றாகக் கைவிடுகிறேன்.

படத்தை அம்மாவிடம் காட்டினேன். அவருக்குக் கட்டிடப்படம் வாசிக்கத் தெரியாது, அதனால் அட்டையில் ஒரு மாதிரி வெட்டி ஒட்டிக் காட்டினேன். சாய்வுப்பாதையை விரலால் தொட்டுப் பார்த்தார். "திரும்பவும் பங்கருக்குள்ளையோ பிள்ளை இறங்கச் சொல்லுறாய்?" என்றார். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. அட்டையை என் கையில் தந்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

"பதுங்குகுழிக்குள் இறங்குகிற உணர்வு வரும்" என்று 23ஆம் திகதி இங்கே எழுதியவள் நான்தான். யாருக்கு அந்த உணர்வு வர வேண்டும் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. வெளியிலிருந்து வருகிறவருக்கு அது ஒரு அனுபவமாக இருக்கலாம். அங்கே ஒரு பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த தாய்க்கு அது இன்னொரு தடவை. வன்னியில் கட்டப்படுகிற நிலையத்தில் வன்னித் தாய்மாரால் நுழைய முடியாவிட்டால் அதைக் கட்டக் கூடாது.

நிலத்தடித் திட்டங்களைப் பற்றி ஒரு செய்தியும் இங்கே பொருந்தும். வாஷிங்டனில் மாயா லின் வடிவமைத்து 1982இல் திறக்கப்பட்ட வியட்நாம் போர்ச் சுவர் 58,000க்கும் மேற்பட்ட பெயர்களைத் தாங்கி நிற்கிறது. அதற்கருகே நிலத்தடியில் ஒரு கல்வி நிலையம் கட்ட 2003இல் சட்டமே நிறைவேற்றினார்கள். பதினைந்து ஆண்டுகள் நிதி திரட்டியும் போதாமல் 2018இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். அவ்வளவு வசதியுள்ள நாட்டில் அப்படியென்றால் நாங்கள் எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பிறகு செய்யலாம் என்பதைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

05.06.2023

கிளிநொச்சி அக்கா ஒருவர் கேட்டிருக்கிறார்: "வரைகிறீர்கள், அழிக்கிறீர்கள். மலசலகூடம் எங்கே?"

மிகச் சரியான கேள்வி. மே 18 அன்று வருகிறவர்களில் வயது போன பெண்கள் பலர். காலையில் வந்து மதியம் வரைக்கும் வெயிலில் நிற்கிறார்கள். முதலில் வேண்டியவை நிழல், தண்ணீர், இருக்கை, மலசலகூடம், முழங்கால் வலி உள்ளவர்களும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் புதையாமல் போகக்கூடிய ஒரு பாதை, கஞ்சி காய்ச்ச ஒரு கொட்டில். போரில் கால் இழந்தவர்கள் எத்தனை பேர் அந்த மணலில் ஊன்றுகோல் புதையப் புதைய நடந்து வருகிறார்கள் என்பதை அங்கே வந்தவர்கள் எல்லோரும் கண்டிருப்பீர்கள்.

சோழகக் காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது. கஞ்சிக் கொட்டிலை முற்றத்துக்கு வடகிழக்கே போட்டால் புகை கடல் பக்கம் போகும், மக்கள் நிற்கிற இடத்துக்கு வராது. இதையெல்லாம் தாளில் குறித்துக்கொண்டேன்.

06.06.2023

எங்கே கட்டுவது என்பது பற்றி. பிரான்சில் தியெப்வல் என்ற ஊரில் முதலாம் உலகப் போரில் சோம் களத்தில் காணாமற்போனவர்களுக்கான பெரிய வளைவு ஒன்று இருக்கிறது, 72,000க்கும் மேற்பட்ட பெயர்கள். அங்கே 2004இல் ஒரு பார்வையாளர் நிலையம் கட்டினார்கள், வளைவோடு போட்டி போடாதபடி தள்ளி, தாழ்வாக. அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருக்கிறது. நாங்களும் முற்றத்துக்குள் எதையும் கட்டாமல், பரந்தன் முல்லைத்தீவு வீதிக்கு மறுபுறம், கடலிலிருந்து அப்பால் தள்ளிப் போகலாம். முற்றத்துக்கு நடந்து போக வேண்டிய தூரம் இருக்கட்டும். அந்த நடை தேவையானது.

18.06.2023

கனடாவிலிருந்து எழுதும் அண்ணர் ஒருவர், சுவரில் எந்த எண்ணை எழுதுவது என்று கேட்டிருந்தார். அதன்கீழ் மூன்று பேர் மூன்று எண்களை எழுதி வாக்குவாதமும் நடந்திருக்கிறது. நான் சொல்வது இதுதான்: மூன்றையும் எழுதுவோம், யார், எப்போது, எப்படிக் கணக்கிட்டுச் சொன்னார்கள் என்பதோடு சேர்த்து எழுதுவோம்.

ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் தந்த அறிக்கை, பொதுமக்கள் சாவு 40,000 வரை இருக்கலாம் என்ற மதிப்பீட்டை மறுக்க முடியாது என்றது. 2012 நவம்பரில் வந்த ஐக்கிய நாடுகளின் உள்ளக மீளாய்வு அறிக்கை, கணக்கில் வராதவர்கள் 70,000க்கும் மேல் என்ற தரவைச் சுட்டியது. மன்னார் ஆயர் இராயப்பு யோசப் ஆண்டகை 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வைத்த எண் 146,679.

கற்றல் நிலையம் என்ற சொல்லுக்கு உரிய வேலை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. ஆயர் அந்த எண்ணை ஊகித்துச் சொல்லவில்லை. 2008 ஒக்ரோபர் தொடக்கத்தில் கச்சேரியின் (மாவட்டச் செயலகத்தின்) கணக்கின்படி வன்னியில் இருந்த மக்கள் தொகை 429,059. போர் முடிந்தபின் அரசாங்கக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வந்தவர்களாக 2009 ஜூலையில் பதிவானவர்கள் 282,380. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் வருவது 146,679. தரம் 5 பிள்ளையும் செய்யக்கூடிய கழித்தல். ஒரு கரும்பலகையும் வெண்கட்டியும் வைத்து, வருகிற ஒவ்வொரு மாணவரும் அதைத் தன் கையால் செய்து பார்க்கட்டும். அதன்பிறகு ஆசிரியர் கேட்கட்டும்: கச்சேரி எதை வைத்துக் கணக்கெடுத்தது? நிவாரண அட்டையா? ஒருவரின் பெயர் இரு இடங்களில் பதிவாகியிருக்க வாய்ப்பு உண்டா? முகாமுக்குள் வந்தவர்களை எண்ணியது யார்? விடை தெரியாமல் போன 146,679 பேரும் இறந்தவர்கள் என்று அந்தக் கழித்தல் சொல்கிறதா? அது அப்படிச் சொல்லவில்லை. அவர்களுக்கு என்ன நடந்தது என்று அது கேட்கிறது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டு வெளியேறும் பிள்ளையிடம் நாளை யார் எந்தப் பெரிய எண்ணைச் சொன்னாலும், எந்தச் சிறிய எண்ணைச் சொன்னாலும், அது எப்படி வந்தது என்று அந்தப் பிள்ளை கேட்கும்.

05.07.2023

ஜூன் 29ஆம் திகதி முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்க வெட்டிய இடத்தில் மனித எலும்புகளும் உடைகளும் வெளிப்பட்டதை எல்லோரும் அறிவீர்கள். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து இந்த இழையில் எழுத மனம் வரவில்லை.

நான் மே மாதம் ஒரு கட்டிடத்தை மண்ணுக்குள் இறக்கலாம் என்று எழுதினேன். நீர் ஊறும் என்றேன், அம்மாவால் இறங்க முடியாது என்றேன். எல்லாவற்றுக்கும் முன் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லவில்லை. முள்ளிவாய்க்காலில் வெட்டப்படுகிற எந்தக் குழியும் யாரோ ஒருவருடைய குழியாக இருக்கக்கூடும். நாங்கள் அங்கே புதைத்தவர்களை அடையாளக் கல் வைத்துப் புதைக்கவில்லை. தங்கள் பதுங்குகுழியிலேயே மண்ணைத் தள்ளி மூடிவிட்டு நகர்ந்தவர்கள் பலர். ஒரு நிலையத்துக்காக உழவு இயந்திரமோ மண்வெட்டும் இயந்திரமோ அந்த மண்ணில் இறங்கினால், நீதவானின் கண்காணிப்பில் சட்ட மருத்துவரும் தொல்லியல் அறிந்தவர்களும் அங்குலம் அங்குலமாகத் தோண்டி எடுக்க வேண்டிய சான்று ஒரு மணித்தியாலத்தில் கலைந்துபோகும்.

ஆகவே முதல் விதி இது. முற்றத்தைச் சூழ்ந்த நிலத்தில் அத்திவாரம் வெட்டுவதில்லை, மரம் நடவும் குழி வெட்டுவதில்லை. நிழலுக்குத் தரையின் மேல் வைக்கும் பாரக்கற்களில் நிறுத்திய தூண்கள் போதும். காற்றுக்குப் பாரம் கூட்டிக் கணக்கிடலாம், அது எனக்குத் தெரிந்த வேலை. பாதையும் மேலே பரப்பும் கற்களால் ஆனதாக இருக்கட்டும், தேவையென்றால் தூக்கி எடுக்கக்கூடியதாக.

அறைகள் வேண்டிய கட்டிடத்துக்கு ஒரு வாசகர் நல்ல வழி சொல்லியிருக்கிறார்: போருக்கு முன்பே அத்திவாரம் போடப்பட்டு, கூரை போய், சுவர் மட்டும் நிற்கிற பழைய கட்டிடம் ஒன்றைப் பயன்படுத்துவது. அத்திவாரம் ஏற்கெனவே இருக்கிறது, புதிதாக ஒரு பிடி மண்ணும் எடுக்க வேண்டாம். செல்துண்டு பட்ட சுவரைப் பூசாமல் விடலாம். இதைவிடச் சிறந்த யோசனை இந்த இழையில் இதுவரை வரவில்லை.

16.07.2023

பெயர்கள் பற்றி எழுத வேண்டும். இதைத்தான் தொடக்கத்திலிருந்து ஒத்திப்போட்டு வந்தேன்.

பலரும் கேட்பது கருங்கல் சுவர், அதில் வெட்டிய பெயர்கள். நானும் அதைத்தான் விரும்பினேன். போன கிழமை கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடிக்குப் போனேன். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய போராட்டத்தின் இடம் அது. ஒரு தாயாரிடம் கல் சுவரைப் பற்றிக் கேட்டேன். அவர் மகனின் படத்தைப் பிளாஸ்ரிக் உறையோடு மடியில் வைத்திருந்தார். உறையின் ஒரு மூலை பிரிந்து மழைநீர் உள்ளே போய், படத்தில் பையனின் தோள்பக்கம் வெளுத்திருந்தது. "செத்தவையின்ரை பேரோடை என்ரை பிள்ளையின்ரை பேரைக் கல்லிலை வெட்டிப்போடாதேங்கோ. நான் அவனை ஆமியிட்டைக் கையிலை பிடிச்சுக் குடுத்தனான், சாகக் குடுக்கேல்லை" என்றார்.

கல்லில் வெட்டினால் அவர் மகன் இறந்தவன் என்று நாங்களே தீர்ப்பு எழுதியதாகிவிடும். வெட்டாமல் விட்டால் அவன் இல்லாமலே போனவனாகிவிடுவான். தியெப்வல் வளைவில் ஒரு வழக்கம் உண்டு: காணாமற்போனவரின் உடல் பின்னாளில் கண்டெடுக்கப்பட்டு, அடையாளம் காணப்பட்டு, பெயரோடு அடக்கம் செய்யப்பட்டால், அந்தப் பெயரை வளைவிலிருந்து நீக்கிவிடுகிறார்கள். அந்தக் கல் முடிந்த கணக்காக இருக்கவில்லை, திறந்தே இருக்கிறது. எங்களுக்கு அதையும் விட நெகிழ்ந்த ஒன்று வேண்டும்.

பதிவேடு. கையால் எழுதப்படுகிற, கிராமம் கிராமமாகப் பிரித்த, தடித்த அட்டைப் பதிவேடுகள். அவற்றைத் தாங்கும் நீண்ட மேசை. அதுதான் கட்டிடத்தின் நடு அறை. ஒவ்வொரு பெயருக்கும் பிறந்த ஆண்டு, ஊர், கடைசியாகக் கண்ட இடம், கண்டவர் யார். "இறந்தவர்" என்றோ "காணாமற்போனவர்" என்றோ நாங்கள் தலைப்பிடுவதில்லை. குடும்பம் சொல்வதைக் குடும்பத்தின் சொல்லிலேயே எழுதுவோம். மாற்றம் வந்தால் கீழே திகதியிட்டு எழுதுவோம், முன்பு எழுதியதை அழிக்க மாட்டோம்.

ருவாண்டாவில் கிகாலி நினைவிடத்தில் கொல்லப்பட்ட பிள்ளைகளின் படங்களுக்குக் கீழே அந்தப் பிள்ளைக்குப் பிடித்த உணவு, விளையாட்டு என்று எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு வரியையும் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். என் தங்கைக்கு நாவற்பழம்.

17.07.2023

நேற்றைய குறிப்புக்கு ஒரு சேர்க்கை. 2010இல் செட்டிகுளம் முகாமில் இருந்தபோது நானும் இன்னும் இரண்டு பெண்களும் கொப்பியொன்றில் எங்கள் கிராமத்துப் பெயர்களை எழுதினோம். அதை வெளியே ஒரு அலுவலகத்தில் நம்பிக் கொடுத்தோம், படி எடுக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்துக் கேட்டபோது அப்படியொரு கொப்பி வந்ததாகவே பதிவு இல்லை என்றார்கள். அதிலிருந்த சில வீடுகளின் விவரத்தைச் சொல்ல இன்று ஒருவரும் மிச்சமில்லை.

ஆகவே எந்தப் பதிவேடும் ஒரே ஒரு படியாக இருக்கக் கூடாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021 ஜனவரி 8ஆம் திகதி ஒரே இரவில் இடிக்கப்பட்டது. திரும்பக் கட்டி அதே ஆண்டு ஏப்ரலில் திறந்தார்கள். தூபியைத் திரும்பக் கட்டலாம், எழுதியவர் போய்விட்டால் பதிவேட்டைத் திரும்ப எழுத முடியாது. யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்தபோது போன 97,000 நூல்களில் வேறெங்கும் படி இல்லாத ஏடுகள் எத்தனை என்பதைப் படித்தவர்கள் அறிவார்கள். குடும்பத்திடம் ஒரு படி, கிராமத்தில் ஒரு படி, நிலையத்தில் ஒரு படி, நாட்டுக்கு வெளியே ஒரு படி.

20.08.2023

தஞ்சாவூர் விளாரில் 2013இல் திறக்கப்பட்ட முள்ளிவாய்க்கால் முற்றத்தைப்போலப் பெரிய கற்சிற்பங்கள் இங்கும் வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தச் சிற்பங்களை நான் மதிக்கிறேன். நேரில் காணாதவர்களுக்குக் கல்லில் செதுக்கிக் காட்ட வேண்டியிருந்தது. இங்கே வருகிறவர்களில் பாதிப்பேர் அதைக் கண்ணால் கண்டவர்கள். குண்டடிபட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற தாயின் சிலையை அந்தத் தாயே வந்து பார்க்க வேண்டிவரும்.

இன்னொரு வாசகரின் கேள்வி கடினமானது. "எங்கள் பக்கத்துத் தவறுகளும் அங்கே இருக்குமா?" அதன் கீழ் அவரைத் திட்டி எழுதியவர்களுக்குச் சொல்கிறேன்: அவர் கேட்டது நியாயம். நான் மேலே எடுத்துக்காட்டிய நிபுணர் குழு அறிக்கை, பாதுகாப்பு வலயங்கள் மீதும் மருத்துவமனைகள் மீதும் அரசாங்கப் படைகள் நடத்திய எறிகணை வீச்சைப் பதிவு செய்கிறது. அதே அறிக்கை, வெளியேற முயன்ற மக்களைப் புலிகள் தடுத்ததையும் சுட்டதையும் பிள்ளைகளைக் கட்டாயமாகச் சேர்த்ததையும் பதிவு செய்கிறது. 40,000 என்ற எண்ணுக்கு அந்த அறிக்கையைச் சான்றாகக் காட்டிவிட்டு அடுத்த பக்கத்தைக் கிழித்துவிட முடியாது. பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போன அன்றே சமையலை விட்ட வீடு எங்கள் ஒழுங்கையிலும் இருந்தது. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் முல்லைத்தீவுத் தண்ணீரூற்று மக்களும் இருந்தார்கள். வன்னியின் போர்க்கதையில் அவர்களுக்கும் ஒரு பதிவேடு உண்டு.

நடந்தவை எல்லாம் ஒரே அளவானவை என்று இதற்குப் பொருள் இல்லை. எது எவ்வளவு என்பதைப் படிக்கிற பிள்ளை தானே அறியட்டும்.

24.08.2023

மொழி: மூன்றும் வேண்டும். கிளிநொச்சி நகரில் செல் துளைத்த கல்லும் தாமரையுமாக நிற்கிற இராணுவ நினைவுச்சின்னத்தையும் புதுக்குடியிருப்பில் நீருக்கு நடுவே துப்பாக்கியோடு எழுகிற சிலையையும் பார்க்கத் தெற்கிலிருந்து பஸ்களில் மக்கள் வந்திருக்கிறார்கள். அதே வீதிதான் முள்ளிவாய்க்காலுக்கும் வருகிறது. அந்தப் பஸ்ஸிலிருந்து ஒரு சிங்களத் தாய் இறங்கி வந்தால் அவருக்கு வாசிக்க அங்கே அவருடைய மொழியில் ஒரு வரி இருக்க வேண்டும்.

08.10.2023

துணித்துண்டு பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள், அது இப்போது எங்கே என்று. பழைய பிஸ்கற் தகரப்பெட்டியில் வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். நைலோன் பையில் வைக்கக்கூடாது என்று அருங்காட்சியக வேலை தெரிந்தவர் ஒருவர் சொன்னார். ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சணம் பிடிக்குமாம். துணிகளுக்கு வெளிச்சம் 50 லக்ஸ் அளவைத் தாண்டக்கூடாது என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். வன்னி வெயில் ஒரு யன்னல் வழியாக வந்தாலே அதைப்போல நூறு மடங்காகிவிடும்.

அதனால் கண்ணாடிப் பெட்டிகள் வேண்டாம் என்று முடிவுசெய்தேன். நடு அறையின் சுவரோரம் ஆழமற்ற மர இழுப்பறைகள். இழுத்தால் வெளிச்சம் படும், மூடினால் இருட்டு. பார்க்க விரும்புகிறவர் தன் கையால் திறந்து, பார்த்து, தன் கையால் மூட வேண்டும். அக்காவின் மகனிடம் இதைச் சொன்னபோது, ஒரு இழுப்பறைக்குப் பக்கத்தில் புதுத் துணியும் ஊசியும் நைலோன் நூலும் வைத்தால் என்ன, அந்தத் தையலைப் போட்டுப் பார்க்கலாமே என்றான். நான் நினைக்காதது. ஒரு மூட்டை தைக்க எவ்வளவு நேரம் எடுக்கும், ஒரு குழிக்கு எத்தனை மூட்டை வேண்டும் என்பது தைத்துப் பார்த்தால்தான் பிள்ளைக்குத் தெரியும்.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவிலில் வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீர் எடுத்து வந்து விளக்கு எரிக்கிறோம். அந்தக் கதையை எங்களுக்கு யாரும் பலகையில் எழுதி வைத்துக் கற்பிக்கவில்லை, நீர் எடுக்கப் போகிறவர்களின் பின்னால் நடந்து நடந்தே கற்றோம். பிள்ளைகளின் கைக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும் என்பதை அதிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறேன். ஊசியும் நூலும் படத்தில் ஏறிவிட்டன.

03.12.2023

மல்லாவித் தம்பி ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்து எழுதியிருக்கிறார். கட்டிடம் வேண்டாம் என்ற கருத்து இன்னும் மாறவில்லை, ஆனால் பதிவேட்டுக்குத் தன் கிராமத்தில் வீடு வீடாகப் போகத் தயார் என்கிறார். தம்பி, அது போதும். கட்டிடம் பத்து ஆண்டு பொறுக்கும். பழைய சுவருக்குக் கூரை எப்போது வேண்டுமானாலும் போடலாம். எழுபது வயதுத் தாய்மார் பொறுக்க மாட்டார்கள். கோவிலடியில் இருந்தவர்களில் எத்தனையோ பேர் பிள்ளையின் முகம் காணாமலே கண்ணை மூடிவிட்டார்கள்.

மாதிரிப் பதிவேடு ஒன்றைக் கோடிட்டு, போன ஞாயிற்றுக்கிழமை, கோவிலடியில் மகனின் படத்தோடு இருந்த அந்தத் தாயாரிடம் கொண்டுபோனேன். ஒரு பக்கத்துக்கு எட்டுப் பெயர் என்று கோடு போட்டிருந்தேன். அவர் பேனையை வாங்கி, மகனின் பெயரைத் தானே எழுதினார். பிறந்த ஆண்டு எழுதினார். கடைசியாகக் கண்ட இடம் வட்டுவாகல் என்று எழுதினார். பிறகு கொப்பியைத் தன் பக்கம் திருப்பி, பெயருக்குக் கீழே நான்கு விரலை வைத்து அளந்து, "இவ்வளவும் வெறுமையா விடு பிள்ளை, அவன் வந்தால் எழுதவேணும்" என்றார்.

ஆகவே ஒரு பக்கத்துக்கு எட்டுப் பெயர் என்பதை மூன்றாகக் குறைத்திருக்கிறேன். தாள் இரண்டரை மடங்குக்கும் மேல் வேண்டும். அச்சகத்தில் விலை கேட்டு அடுத்த கிழமை இங்கே எழுதுகிறேன்.